மூடிய மாளிகைகளும் ஒரு மிதிவண்டியும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

நம் கல்லூரி வாயிலுக்குள் நுழைந்தவுடன் இடப்புறம் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அதன் நெற்றியில் 'மிதிவண்டி நிறுத்துமிடம்' என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதன் நிழலில் நிற்பவை அத்தனையும் மோட்டார் சைக்கிள்கள். மிதிவண்டிகள் பக்கத்து வேப்பமரத்தடியில் வெயிலுக்குப் பாதி, நிழலுக்குப் பாதியாக நிற்கின்றன. ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். மொத்தம் பதினேழு. அந்தப் பதினேழில் ஒன்று என்னுடையது. பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி.

என்னோடு அன்று வண்டி வாங்கிய நண்பர்களில் பலர் அதே மாதத்தில் அதை விற்றுவிட்டார்கள். சிலர் தம்பிக்குக் கொடுத்தார்கள். கல்லூரியில் சேர்ந்ததும் தவணைக்கு மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள். "இன்னுமா இதை ஓட்டுற?" என்று கேட்காதவர் இல்லை. எங்கள் மாமா ஒருவர், "காலேஜு படிக்கிற பிள்ளை சைக்கிள்ல போனா ஊரு என்ன சொல்லும்?" என்று என் அம்மாவிடமே கேட்டுவிட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே நான் எதில் போகிறேன் என்பதும் குடும்ப மானத்தில் சேர்ந்துவிட்டது.

நண்பர்களே! மிதிவண்டியின் பெருமையைப் பாடுவது மட்டும் இக்கட்டுரையின் நோக்கம் அன்று. நாம் வாழும் செட்டிநாட்டுச் சமவெளியை மிதிவண்டியில் போகிறவன்தான் பார்க்கிறான். மற்றவர்கள் கடந்து போகிறார்கள் என்பது என் கருத்து. நாம் பார்க்காத ஒன்று இடிந்து விழும்போது நமக்குத் தெரியப்போவதும் இல்லை. இது என் இரண்டாவது கருத்து. முதலாவது இனிமையானது, இரண்டாவது கசப்பானது. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

சாலையும் காற்றும்

மலைநாட்டில் மிதிவண்டி ஓட்டுபவனுக்குப் புவியீர்ப்புதான் எதிரி. சமவெளியில் அந்த எதிரி இல்லை. இங்கே எதிரி காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவையான திறனோ எட்டு மடங்காகும். ஆடி மாதத்தில் ஆத்தங்குடிப் பக்கம் மேற்கு நோக்கி வண்டியை மிதித்தவர்களுக்கு இந்தச் சூத்திரத்தை யாரும் கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. தொடையே சொல்லிவிடும். ஆகையால் சமவெளியில் அறிவாளி மெதுவாகப் போவான். மெதுவாகப் போகிறவனுக்குச் சாலையின் இருபுறமும் கண்ணில் படும்.

1973இல் எஸ்.எஸ். வில்சன் என்பவர் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு குறிப்பிட்ட எடையை ஒரு குறிப்பிட்ட தூரம் கொண்டு செல்ல எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்று விலங்குகளையும் எந்திரங்களையும் வரிசைப்படுத்திப் பார்த்தார். மிதிவண்டியில் செல்லும் மனிதன் எல்லாவற்றையும் வென்று முதலிடத்தில் நின்றான். நடப்பதற்கு ஆகும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அவனுக்குப் போதும். நம் வேப்பமரத்தடியில் நிற்பவை மனிதன் படைத்த மிகச் சிக்கனமான எந்திரங்கள் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

நம் மண்ணில் மிதிவண்டிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1991, 1992ஆம் ஆண்டுகளில் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டவும் கற்றுக் கொடுத்தார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கல் உடைப்பவர்களும், வயலில் கூலிக்குப் போகிறவர்களும், கிராமச் செவிலியர்களும் வண்டி ஏறினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். யாருக்கும் காத்திராமல் சந்தைக்கும் தண்ணீருக்கும் வேலைக்கும் போக அது வழி செய்தது. அந்தத் தாய்மார்களுக்கு விடுதலையாகத் தெரிந்தது, முப்பது ஆண்டுகளுக்குப் பின் அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு வெட்கமாகத் தெரிகிறது என்றால் தவறு வண்டியில் இல்லை.

சமவெளி சமமாக இல்லை

சென்ற ஓராண்டாக ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஊர் ஊராகப் போய் வருகிறேன். காரைக்குடியிலிருந்து கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான். இன்னொரு நாள் ஆத்தங்குடி. வேறொரு நாள் தேவகோட்டை. எல்லை தாண்டி இராயவரம், கடியாபட்டி. நகரத்தார் ஊர்கள் தொண்ணூற்றாறு என்பது மரபு. இன்று இருப்பவை எழுபதுக்கும் சற்று மேல். அவை சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் பரவிக் கிடக்கின்றன.

பேருந்தில் போகும்போது இந்த நிலம் தாம்பாளம் போலத் தட்டையாகத் தெரியும். மிதிவண்டியில் போனால்தான் அது தட்டை இல்லை என்று புரியும். ஒவ்வொரு ஊருக்கு முன்பும் கால் கொஞ்சம் கனக்கிறது. பார்த்தால் சாலை ஒரு கண்மாய்க் கரையின் மேல் ஏறுகிறது. இறங்கினால் மடை, பிறகு வயல், பிறகு மறுகால் ஓடும் ஓடை, மீண்டும் ஒரு கண்மாய். மேலே உள்ள கண்மாய் நிறைந்தால் உபரி நீர் கீழே உள்ள கண்மாய்க்குப் போகும். ஆறில்லாத இந்த வானம் பார்த்த பூமியில் முன்னோர்கள் மழையைச் சங்கிலியாகக் கோத்து வைத்திருக்கிறார்கள். அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் மிதிவண்டிக்காரனின் முழங்கால் எண்ணுகிறது. சமதள மட்டம் பார்க்கும் கருவி நம் ஆய்வுக்கூடத்தில் உண்டு. இந்த நிலத்துக்கு அவ்வளவு நுட்பமான கருவி வேண்டாம். ஒரு பழைய சைக்கிளும் இரண்டு கால்களும் போதும்.

ஊருக்குள் நுழைந்ததும் காட்சி மாறுகிறது. நேர்கோட்டுத் தெருக்கள். ஒரு தெருவில் முன்வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீடுகள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, சமையற்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஏறக்குறைய 1940கள் வரை கட்டப்பட்டவை. பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பான் ஓடு என்று உலகமே கப்பலில் வந்து இந்தப் பொட்டல் காட்டில் இறங்கியிருக்கிறது.

இவற்றின் அலங்காரத்தைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். என்னைக் கவர்ந்தது வேறு. வீட்டின் நான்கு பக்கக் கூரையும் வளவின் திறந்த முற்றத்தை நோக்கிச் சரிகின்றன. அங்கே விழும் மழை வீட்டாரின் அண்டாக்களில் நிறைகிறது. மிஞ்சியது தெருவின் வாய்க்காலுக்கும், அங்கிருந்து ஊரணிக்கும் போகிறது. ஒரு வீடு என்பது ஒரு குடும்பத்தின் சொத்து. அதன் கூரையில் விழும் மழையோ ஊரின் சொத்து. இன்று வீடு இடியும்போது கற்குப்பை வாய்க்காலில் விழுகிறது. ஊரணி காய்கிறது. செட்டியார் வீடு இடிந்தால் நமக்கென்ன என்று கேட்பவர்கள், வீட்டோடு ஊரணியும் போகிறதே என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

யாருடைய வீடு?

ஆனால் அந்தக் கேள்வியை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. எனக்கே அந்தக் கேள்வி உண்டு.

இந்த மாளிகைகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? பர்மா, இலங்கை, மலேயா, இந்தோசீனா ஆகிய நாடுகளில் வட்டித் தொழில் செய்து வந்தது. அதில் துணிவும் நாணயமும் கணக்குப் புலமையும் இருந்தன என்பதை யாரும் மறுப்பதற்கில்லை. அதே சமயம், 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தபோது கடன் கட்ட முடியாத பர்மிய உழவர்களின் நிலம் இலட்சக்கணக்கான ஏக்கராகக் கைமாறியதும் வரலாறுதான். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தது. பலர் உயிர் பிழைத்தால் போதுமென்று ஊர் திரும்பினார்கள். போருக்குப் பின் விடுதலை பெற்ற பர்மா நிலங்களைத் தேசியமாக்கியது. வருவாய் நின்றது, வீடுகள் மட்டும் நின்றன.

அந்த வருவாயில் ஒரு பகுதி கல்வியாக மாறியதையும் மறக்கக் கூடாது. 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்தில் எழுந்தது. வள்ளல் அழகப்பர் 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வருவதற்காக நிலமும் பதினைந்து லட்ச ரூபாயும் கொடுத்தார். முதல் தலைமுறையாகப் படிக்கும் என் போன்றவர்கள் இந்த வட்டாரத்தில் பட்டம் என்ற சொல்லைக் கேட்டதே அதனால்தான்.

இனி என் வீட்டுக் கதை. என் பூட்டனார் கொத்தனார். ஐயா கொத்தனார். அப்பாவும் கொத்தனார். அந்த மாளிகைச் சுவர்களைத் தடவிப் பாருங்கள். கண்ணாடி போல் வழவழக்கும். சித்திரை வெயிலிலும் குளிரும். சுண்ணாம்பும் மணலும் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்துப் பலநாள் புளிக்க வைத்து, கல்லில் அரைத்து, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு கலந்து, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுவர் அது. பூட்டனார் அந்த வேலையில் கை தேர்ந்தவராம். அப்பத்தா இளவயதில், கலியாணத்துக்கு முன் வீடு பழுது பார்க்கும் காலங்களில் சுண்ணாம்பு அரைத்திருக்கிறார். "அந்த வீட்டுக்குள்ள எப்படி இருக்கும் அப்பத்தா?" என்று கேட்டேன். "நான் எங்கடா தங்கம் கண்டேன்? பின்கட்டு வாசல்ல வந்து பின்கட்டு வாசல்லயே போயிருவோம். அம்புட்டு நீளம் வீடு. முகப்புல என்ன இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டைத் தேடிப் போனேன். அது இப்போது தங்கும் விடுதி. வாசலில் நான்கைந்து புதிய மிதிவண்டிகள் வரிசையாக நின்றன. விருந்தினர்கள் ஊரைச் சுற்றிப் பார்ப்பதற்காக வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டுத் தம்பதி ஒருவர் ஆளுக்கொரு வண்டியில் மகிழ்ச்சியாகப் புறப்பட்டுப் போனார்கள். நானும் மிதிவண்டியில்தான் வந்தேன். காவலாளி என் வண்டியின் மேல் இருந்த அரசு முத்திரையைப் பார்த்தார்; என்னைப் பார்த்தார். "இங்கெல்லாம் நிறுத்தக் கூடாது தம்பி, போ" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்தான், வேலையைச் செய்தார். ஆனால் ஒரே சாலையில், ஒரே காற்றில், ஒரே வேகத்தில் போகும் இரண்டு மிதிவண்டிகளில் ஒன்று சுற்றுலா என்றும் மற்றொன்று வறுமை என்றும் எப்படி ஆனது என்ற கேள்வி மட்டும் வீடு வரும் வரை கூடவே வந்தது.

இடிக்கிற கை

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன். என் அப்பா கடந்த பத்தாண்டுகளாகச் செய்யும் வேலையில் பெரும்பகுதி வீடு கட்டுவது அன்று. வீடு பிரிப்பது.

ஒரு மாளிகைக்கு இன்று முப்பது நாற்பது பங்காளிகள் இருப்பார்கள். சென்னையில் பத்துப் பேர், பெங்களூரில் ஐந்து பேர், சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்காவில் மீதிப்பேர். ஓடு உடைந்து மழை ஒழுகினால் மாற்றுவதற்கு ஆளுக்கு எவ்வளவு என்பதில் ஒற்றுமை வராது. விற்பதில் ஒற்றுமை வந்துவிடும். பிறகு வியாபாரி வருவார். அவர் பின்னால் என் அப்பாவும் அவர் கூட்டாளிகளும் போவார்கள். முதலில் ஓடு இறங்கும். பிறகு கைமரம், உத்திரம். பிறகு தேக்குத் தூண்களைச் சுண்ணாம்புக் கட்டியால் எண் போட்டு இறக்குவார்கள். கதவு நிலைகளில் கஜலட்சுமி சிற்பத்துக்குத் தனி விலை. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போய்ப் பாருங்கள். அரண்மனைகள் துண்டு துண்டாக வெயிலில் சாய்ந்து நிற்கும். கடைசியில் மிஞ்சுவது சுவர். அதை யாரும் வாங்குவதில்லை. அது நொறுங்கி லாரியில் போகும்.

முதல் கடப்பாரை விழுவதற்கு முன் அப்பா நிலைப்படியில் ஒரு சூடம் ஏற்றுவார். ஏன் என்று கேட்டேன். "நம்ம ஆளுக பூசின சுவரு" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை.

என் முதலாண்டுக் கட்டணமும் புத்தகங்களும் அந்தக் கூலியில் வந்தவை. ஆகவே மாளிகைகளைக் காப்பாற்றுங்கள் என்று மேடையில் முழங்க எனக்கு முழு உரிமை இல்லை. உண்மையை மறைத்துவிட்டு எழுதும் கட்டுரை இந்த மலரில் இடம்பெறத் தகுதியற்றது என்பதால் இதைச் சொல்லுகிறேன்.

ஆனால் அப்பாவிடமே இதைக் கேட்டேன். இடிப்பதில் கூலி அதிகமா, பழுது பார்ப்பதிலா என்று. அவர் சிரித்தார். "இடிச்சா ரெண்டு மாசக் கூலிடா. அப்புறம் அந்த வீட்டுல எவனுக்கும் வேலை கிடையாது. பழுது பார்த்தா என் காலத்துக்கும் வேலை, உன் காலத்துக்கும் வேலை. ஆனா பூச்சு வேலை தெரிஞ்ச ஆளு இப்ப எத்தனை பேர் இருக்கான்?" என்றார். எழுதப் படிக்கத் திணறும் என் அப்பா சொன்ன இந்தப் பொருளாதாரம் எனக்குச் சரியாகவே படுகிறது. மாளிகையைக் காப்பது செட்டியாருக்குச் செய்யும் உபகாரம் அன்று. அதைக் கட்டிய கைகளுக்குச் சோறு போடும் வழி.

வேறு நாட்டில் என்ன செய்தார்கள்?

நம் நூலகத்தில் ஐரோப்பியக் கட்டடக்கலை பற்றிய ஒரு நூலைப் புரட்டியபோது வியப்படைந்தேன். இத்தாலியின் வடகிழக்கே வெனட்டோ என்ற சமவெளி இருக்கிறது. கடல் வாணிபத்தில் பணம் திரட்டிய வெனிஸ் நகரச் செல்வர்கள் பதினாறாம் நூற்றாண்டில் நிலத்தின் பக்கம் திரும்பி அங்கே 'வில்லா' எனப்படும் மாளிகைகளைக் கட்டினார்கள். அவற்றுள் புகழ்பெற்றவை அந்திரேயா பல்லாடியோ (1508–1580) வரைந்தவை. பல்லாடியோ யார்? மாவு அரைப்பவரின் மகன். சிறுவயதிலேயே கல்தச்சரிடம் வேலை பழகியவர். அவருடைய வில்லாக்களில் கல்தூண்கள் போலத் தெரிபவற்றுள் பல உண்மையில் செங்கல்லில் கட்டிச் சுண்ணாம்புச் சாந்து பூசியவை! கொத்தனார் மகனாகிய எனக்கு அதைப் படித்ததும் சொந்தக்காரரைக் கண்டது போல் இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த வில்லாக்களும் நம்முடையவை போலவே சிதைந்து கிடந்தன. 1958இல் அந்நாட்டில் ஒரு சட்டம் இயற்றி அவற்றுக்கென்று தனி அமைப்பு ஏற்படுத்தினார்கள். உரிமையாளர்கள் பழுது பார்க்கக் கடனுதவி கொடுத்தார்கள். 1994இலும் 1996இலும் பல்லாடியோவின் கட்டடங்கள் உலக மரபுச் சின்னங்களாயின. இன்று அந்தச் சமவெளியில் ஊர் ஊராக மிதிவண்டியில் போய் அவற்றைப் பார்ப்பதற்கென்றே பல நாட்டினர் வருகிறார்கள். நம் செட்டிநாட்டு ஊர்க் கூட்டங்கள் 2014இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. தற்காலிகப் பட்டியல் என்பது வாசற்படி, வீடு அன்று. வாசற்படியில் காத்திருக்கும்போதே வீடு இடிந்துவிடக் கூடாது.

ஒருவர் நினைத்தால் எவ்வளவு முடியும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற பெயர்ப்பலகை ஓவியர் வாழ்ந்தார். பழைய வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் எடைக்குப் போகவிருந்த புத்தகங்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் திருமண அழைப்பிதழ்களையும் கூடச் சேர்த்தார். ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை விலைக்கு வாங்கியது. 1994இல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. தமிழுக்கு அது பெரும்பேறு. ஆயினும் அதன் மதிப்பை அறிந்து விலை கொடுக்கக் கடல் கடந்து ஒருவர் வர வேண்டியிருந்தது என்பதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

நாம் செய்யக் கூடியவை

மாணவர்களாகிய நம்மிடம் பணமில்லை, அதிகாரமில்லை. ஞாயிற்றுக்கிழமையும் மிதிவண்டியும் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு தொடங்கலாம்.

நம் கல்லூரியில் ஒரு மிதிவண்டிக் குழு அமைப்போம். நாட்டு நலப்பணித் திட்டத்தின்கீழ் அதை அனுமதிக்கலாம். மாதம் இரு ஊர்கள். வரலாற்று மாணவர்கள் எந்தத் தெருவில் எத்தனை வீடு நிற்கிறது, எத்தனை பூட்டியிருக்கிறது, எத்தனை இடிந்தது என்று ஒரு பதிவேட்டில் எழுதட்டும். தமிழ் மாணவர்கள் கொத்தர்களிடமும் தச்சர்களிடமும் ஆத்தங்குடிக் கல் செய்பவர்களிடமும் தொழிற்சொற்களைக் கேட்டுத் திரட்டட்டும். வேதியியல் மாணவர்கள் உதிர்ந்த பூச்சின் கலவையைச் சோதிக்கட்டும். தாவரவியல் மாணவர்கள் ஊரணிக்குப் போகட்டும். இயற்பியல் மாணவர்களாகிய நாங்கள் முகப்புக்கும் வளவுக்கும் தெருவுக்கும் வெப்பமானி வைத்து, எந்தச் சுவர் எத்தனை டிகிரியைத் தடுக்கிறது என்று அளந்து காட்டுகிறோம். மின்விசிறி இல்லாத காலத்தில் இந்த வீடுகள் எப்படிக் குளிர்ந்தன என்பது இன்றைய சிமெண்டு வீடுகளில் வெந்து கொண்டிருக்கும் நமக்கு உதவாத கேள்வியா?

ஆத்தங்குடிக்குப் போனபோது ஒரு பட்டறையில் அரைமணி நேரம் நின்று பார்த்தேன். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, வண்ணச் சாந்தைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு கலவையைப் போட்டு அழுத்துகிறார்கள். காயவைத்து, தண்ணீரில் ஊறவைத்து எடுத்தால் கண்ணாடி கழன்று விடுகிறது. அதன் வழவழப்பு மட்டும் கல்லில் தங்கிவிடுகிறது. சூளையுமில்லை, நெருப்புமில்லை. அங்கே வேலை செய்த பெரியவர் என் வண்டியைப் பார்த்துவிட்டு, "சைக்கிள்லயா வந்தே? உட்காரு, மோர் குடி" என்றார். மோட்டாரில் வருகிறவர்களை விலை கேட்க வந்தவர்கள் என்று எண்ணுவாராம். மிதிவண்டியில் வருகிறவன் கதை கேட்க வந்தவன். இந்த மதிப்பை எந்த மோட்டார் சைக்கிளும் எனக்கு வாங்கித் தராது.

அரசுக்கும் பெரியோர்க்கும் மூன்று வேண்டுகோள்கள். பங்காளிகள் ஒன்றுகூடிப் பழுது பார்க்க முன்வந்தால் எளிய கடன் கொடுக்க வேண்டும். சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த முதிய கொத்தனார்களை ஆசிரியர்களாக வைத்து, தொழிற்பயிற்சி நிலையங்களில் அந்த வேலையைப் பாடமாக்க வேண்டும். விடுதியாகிவிட்ட வீடுகளின் உரிமையாளர்கள் மாதத்தில் ஒருநாளாவது உள்ளூர் மாணவர்களை முன்வாசல் வழியாக உள்ளே விட வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீடுகளில் ஒன்றிரண்டை நூலகமாகவோ வெளியூர் மாணவர் விடுதியாகவோ கொடுத்தால் அவற்றின் முற்றத்தில் மீண்டும் பேச்சுக்குரல் கேட்கும்.

கல்லூரி முதல்வர் அவர்களுக்கும் ஒரு சிறு வேண்டுகோள். மிதிவண்டி நிறுத்துமிடத்தில் ஒரு பாதியையாவது மிதிவண்டிகளுக்குத் திருப்பிக் கொடுங்கள்.

நண்பர்களே! அப்பா அறுபது வயதில் கடப்பாரை பிடிக்கக் கூடாது என்பது என் ஆசை. அவர் கையில் மீண்டும் கரண்டியும் மட்டப்பலகையும் இருக்க வேண்டும். அப்பத்தாவை ஒருநாள் என் வண்டியின் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுபோய், அவர் காணாத அந்த முகப்பைக் காட்ட வேண்டும். இவை பெரிய ஆசைகள் இல்லை. ஆனால் அதற்குள் அந்த வீடு நிற்க வேண்டும். சாலையும் பாதுகாப்பாக இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் அதில் மிதிவண்டி ஓட்ட வெட்கப்படாமல் இருக்க வேண்டும்.

வரும் மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்கு வேப்பமரத்தடியில் காத்திருப்பேன். முதல் பயணம் கோட்டையூர் வழியாகப் பள்ளத்தூர். காற்று எழுவதற்குள் போய்விடலாம். வண்டி இல்லாதவர்கள் வீட்டில் தம்பியிடம் கொடுத்த வண்டியைக் கேட்டு வாங்கி வாருங்கள். காற்றடிக்கும் பம்ப் என்னிடம் இருக்கிறது.